நான் வாங்கிக் கொடுத்த வாய்தா

என் பழைய நோட்டுகளைக் கேட்டு இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை போன் வந்துவிட்டது. கேட்கிறவர் பார்த்தசாரதி. ஒரு காலத்தில் எங்கள் சேம்பரில் ஜூனியர் வக்கீலாக இருந்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது; ஆழ்வார்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் அவர் கற்றுக்கொண்ட அந்தச் சேம்பரில் முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சபாபதி.

"சபாபதி சார், கம்ப்யூட்டர்ல ஒண்ணு வாங்கியிருக்கோம். எந்த ஜட்ஜ் எந்தப் பக்கம் சாய்வார்னு முன்கூட்டியே சொல்லிடறது. பழைய தீர்ப்பெல்லாம் உள்ளே போட்டாச்சு. ஆனா மனுஷாளோட சுபாவம் தீர்ப்புல இருக்காதே? அது உங்க நோட்டுலன்னா இருக்கு. ஸ்கேன் பண்ணிண்டு பத்திரமா திருப்பிக் கொடுத்துடறேன்."

முதல் இரண்டு தடவையும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். மூன்றாவது தடவை அவர் சொன்னார்: "ஓட்டர் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டான்னு ஒரு கேஸ் வந்திருக்கு. ரெண்டு ஜட்ஜ் பெஞ்ச். ஒருத்தர் நம்ம பக்கம், இன்னொருத்தர் சந்தேகம்னு மெஷின் சொல்றது. உங்க நோட்டும் சேர்ந்தா தெளிவாயிடும்."

போனை வைத்துவிட்டேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையை வேளைக்கு முன்பே போட்டுக்கொண்டேன். இதே மாதிரி வழக்கு ஒன்றை அந்த நோட்டை வைத்துத்தான் நாங்கள் குழிதோண்டிப் புதைத்தோம். பார்த்தசாரதிக்கு அது மறந்துபோய்க் கேட்கிறாரா, நினைவிருந்தும் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கோபம் அடங்கவில்லை. அவருக்குப் போனில் சொன்னால் பாதியில் இன்னொரு கால் வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். பள்ளிக்கூடம் முடித்ததும் டைப்ரைட்டிங் படித்துவிட்டு, மயிலாப்பூரில் சீனியர் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். பிரமாணப் பத்திரம் டைப் அடிப்பது, கேஸ் கட்டுக்கு நாடா கட்டுவது, கோர்ட்டில் எந்த ஜன்னலில் எந்த நேரத்தில் யார் சிடுசிடுப்பார் என்பது எல்லாம் இரண்டு வருஷத்தில் வந்துவிட்டது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பெயர் வாங்கியது வேறொன்றுக்கு.

கோர்ட்டில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம். நீதிபதிகளைப் பெயர் சொல்லிப் பேச மாட்டோம். யார் காதில் விழுமோ என்ற பயம். எல்லோருக்கும் பட்டப்பெயர் இருக்கும். வக்கீல் வாயைத் திறந்ததும் வெட்டுகிறவர் கத்திரி. ஏழை என்று சொன்னால் இளகிவிடுகிறவர் பஞ்சு. வராந்தாவில் டீ குடித்தபடி கத்திரி இன்று எத்தனை பேரை வெட்டியது, பஞ்சுக்கு ஜலதோஷமா என்று விசாரிப்போம். மற்ற குமாஸ்தாக்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நான் எழுதிவைத்தேன்.

நோட்டில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நீதிபதி. அடுத்ததில் வழக்கு என்ன ரகம்: வாடகையா, வேலை நீக்கமா, குடிசையா. மூன்றாவதில் முடிவு: கிடைத்தது அல்லது தள்ளுபடி. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு சுபாவம். 'மதியத்துக்கு மேல் பொறுமை உண்டு.' 'கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.' இப்படிப் பதினாறு நோட்டு.

சீனியர் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரம்பு நாற்காலியில் வந்து உட்காருவார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். கையில் பேனா இருக்காது, பேப்பர் இருக்காது. ஜூனியர்கள் வழக்கைச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எல்லாம் முடிந்ததும், "சபாபதி, நோட்டை எடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாள் முழுவதும் காத்திருப்பேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் ஐந்தாறு பேர் கைகட்டி நிற்க, பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவன் நான் வாசிப்பேன். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் அவர் மறுநாள் வாதாடுவதா, தள்ளிப் போடுவதா என்று முடிவு செய்வார்.

"கேஸைப் படிக்க ஜூனியர் போதும்டா. ஜட்ஜைப் படிக்க சபாபதி வேணும்" என்பார். பத்துக்கு எட்டு நான் சொன்னபடியே நடந்தது. பத்துக்கு எட்டு நடந்தால் மீதி இரண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் செல்வமேரி வந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு வருஷம் முன்பு. அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம், பெயர் வேண்டாம். அவள் அங்கே சாலையோரத்தில் மீன் விற்கிறவள். கூட இரண்டு பெண்கள். மீன் போட்டுக் கொடுக்கும் கறுப்புக் கவர் ஒன்றைச் சீனியர் மேஜைமேல் கவிழ்த்தாள். வாக்காளர் அட்டைகள் கொட்டின.

"இத்தப் பாரு சார். என் மூஞ்சி கீது, என் பேரு கீது, எங்க ஊட்டுக்காரு பேரு கீது. லிஸ்டுல மட்டும் நான் இல்ல. ஊட்ட காலி பண்ணிக்கினு போய்ட்டேனாம். நான் எங்க சார் போவேன்? கடலுக்குள்ள போய் குடித்தனம் பண்றேனா?"

விஷயம் இதுதான். பட்டியலைச் சரிபார்க்க வந்த ஆட்கள் காலை பத்து மணிக்குக் குப்பத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள், ஆண்கள் கரையில் வலையோடு இருப்பார்கள். கதவு பூட்டியிருந்தது. குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றல்ல, இரண்டு தெரு முழுக்க. இரண்டு தெரு ஜனங்கள் ஒரே நாளில் பெட்டி படுக்கையோடு எங்கே போயிருப்பார்கள் என்று அந்த அலுவலகத்தில் ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை! திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததற்கும் பதில் இல்லை.

வார்டுத் தேர்தல் எந்த நாளும் அறிவிக்கப்படலாம் என்ற நேரம். நிற்கப்போகிறவர்களில் ஒருவர் சாலையோர மீன் கடைகளை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கடைகள் இருக்கட்டும் என்றார். செல்வமேரிக்கு ஓட்டு என்பது அந்தக் கடை. அவள் உட்காரும் அந்த நாலடி இடம்.

மீன் வாடை தாங்காமல் ஒரு ஜூனியர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். சீனியர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜன்னலைச் சாத்து. ஏசி வெளியில போறது" என்றார். பிறகு செல்வமேரியை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்த ஜூனியர் யார் என்று பார்த்தசாரதிக்குத் தெரியும்.

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க நானே குப்பத்துக்குப் போனேன். மாதா கோயில் சுவரோரம் பெஞ்சு போட்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். வரிசையில் வந்தார்கள். ஈர வலையைத் தோளில் போட்டபடி ஒருவர் வந்து, கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அத்தனை வீடும் திறந்திருந்தது, அடுப்பு எரிந்தது, டிவி ஓடியது. பூட்டின வீடு ஒன்றுகூட நான் பார்க்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த வழக்கு எவ்வளவு நேரானது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் செய்ததைத்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன்.

வழக்கு கோர்ட் பட்டியலில் வந்தது. இரண்டு நீதிபதிகள் சேர்ந்து உட்காரும் பெஞ்ச். மூத்தவர் கத்திரி. பக்கத்தில் புதிதாக வந்த ஒருவர். இருவரும் ஒத்துப்போனால் தீர்ப்பு. ஆளுக்கொரு பக்கம் போனால் மூன்றாவது நீதிபதியிடம் போகும்; அதற்குள் தேர்தலே முடிந்துவிடும். ஆகவே இருவர் மனதும் தெரிய வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணி. டம்ளர் தட்டும் சத்தம். "சபாபதி, நோட்டை எடு."

வாசித்தேன். "கத்திரி. குடிசை, குப்பம், புறம்போக்கு ரகத்துல நாலு கேஸ் சார். நாலும் தள்ளுபடி. அவர் நம்ம பக்கம் வர மாட்டாரு. புதுசா வந்தவரப் பத்தி நோட்டுல ஒண்ணும் கிடையாது. பெரியவர் பேச்சத் தாண்ட மாட்டாருன்னு தோணுது."

"தாண்டினா?"

"தாண்டினாலும் ஒண்ணுக்கு ஒண்ணு சார். மூணாவது ஜட்ஜுக்குப் போயிடும்."

"பெஞ்ச் எப்போ மாறறது?"

"ஒரு மாசத்துல. பஞ்சு வராருன்னு பேசிக்கிறாங்க."

சீனியர் கண்ணைத் திறந்தார். "அப்போ பஞ்சு வரட்டும். நாளைக்கு டைம் கேட்டுடலாம்."

அறையில் இருந்த ஒருவரும் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. அறிவித்த பிறகு கோர்ட் தலையிடாது என்பது சட்டக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிற பாடம். எனக்கே தெரியும். ஆனால் அறிவிப்பு தள்ளிப்போகும் என்று யாரோ வராந்தாவில் சொல்லியிருந்தார்கள். அதையும் நோட்டில் எழுதியிருந்தேன்!

மறுநாள் கூடுதல் ஆவணம் தாக்கல் செய்ய அவகாசம் என்று வாய்தா வாங்கினோம். கூடுதல் ஆவணம் என்று எதுவும் கிடையாது. செல்வமேரி வெளியே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணே, எதுக்கு தள்ளிப் போட்டுக்கினே கீறீங்க? எலெக்‌ஷன் வந்துக்கினு கீதே."

"இவர் வேணாம்மா. நல்ல ஜட்ஜ் வரப்போறாரு. அவருகிட்ட போனா உன் பேரு வந்த மாதிரிதான். என்னை நம்பு."

"நீ சொன்னா சரிண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே கத்திரி முன் வந்தது. மறுபடி வாய்தா. அன்று நடந்த ஒன்றை நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. குமாஸ்தாக்கள் தங்கள் வழக்கு முடிந்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஹாலுக்கு ஓடிவிடுவோம். அதுதான் வேலைக்காரனுக்கு அழகு என்று நினைப்பு. நானும் ஓடினேன். அதே ஹாலில், அதே பட்டியலில், எங்களுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வழக்கு இருந்தது.

இரண்டு வாரத்தில் பெஞ்ச் மாறியது. நான் சொன்னபடியே பஞ்சு வந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு தேர்தல் அறிவிப்பும் வந்துவிட்டது.

பஞ்சு பொறுமையாகக் கேட்டார். அட்டைகளை வாங்கிப் பார்த்தார். அநியாயம்தான் என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. பிறகு இங்கிலீஷில் கேட்டார், தமிழில் சொன்னால் இதுதான்: "வட சென்னையிலிருந்து இதே மாதிரி ஒரு வழக்கு வந்திருக்கிறது. பூட்டிய வீடு, நீக்கிய பெயர், எல்லாம் அப்படியே. எனக்கு முன்னால் இருந்த பெஞ்ச் அன்றைக்கே கேட்டு, சாயங்கால நேரத்தில் மறுபடி போய்ப் பாருங்கள், ஒரு வாரத்தில் பெயரைச் சேருங்கள் என்று உத்தரவு போட்டிருக்கிறது. இரண்டு நீதிபதிகளும் ஒரே குரலில். அந்த நாள் பட்டியலில் உங்கள் வழக்கும் இருந்திருக்கிறதே. அன்று நீங்கள் ஏன் வாய்தா வாங்கினீர்கள்?"

சீனியர் மெதுவாகத் திரும்பி, பின்னால் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் கோர்ட் ஹாலில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அறிவிப்பு வந்த பிறகு கோர்ட் எதுவும் செய்வதற்கில்லை என்று பஞ்சு தள்ளுபடி செய்தார். நல்ல ஜட்ஜ். நாங்கள் காத்திருந்து தேடிப்போன ஜட்ஜ்.

செல்வமேரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் எங்கள் முகம் புரிந்துவிட்டது. படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"இன்னா ஆச்சுண்ணே?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"அப்ப அந்த மொத ஜட்ஜுகிட்ட எங்க விசயத்த ஒரு தபாகூட சொல்லவே இல்லியா?"

"இல்லம்மா."

"சொல்லவே இல்லன்னா, மாட்டேன்னு அவரு எப்பிடி சொன்னாரு?"

"அவர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப எங்க கேசுக்கு நீதான் ஜட்ஜா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று மதியம், அதுவரை நான் செய்யாத வேலை ஒன்றைச் செய்தேன். கத்திரி தள்ளுபடி செய்த அந்த நான்கு வழக்கின் உத்தரவுகளையும் தேடி எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்தேன். வீட்டை இடித்து முடித்த பிறகு வந்திருக்கிறார்கள் என்பது ஒன்றில். நோட்டீஸ் கொடுத்து இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்றில். நான்கிலும் ஒரே காரணம்: தாமதம். ஒன்றில் இப்படியே எழுதியிருந்தார்: இவர்கள் சரியான நேரத்தில் வந்திருந்தால் இந்த கோர்ட் கேட்டிருக்கும். கத்திரிக்குக் குப்பத்துக்காரர்கள்மீது கோபமே கிடையாது. காலம் கடத்துகிறவர்கள்மீதுதான் கோபம். நாங்கள் அவரிடம் போகாமல் இருக்கக் காலத்தைக் கடத்தினோம்.

என் நோட்டில் மூன்று கட்டம் இருந்தது என்றேனே, ஏன் என்பதற்குக் கட்டமே போடவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதை எழுதத் தெரிந்தவனுக்குக் காரணத்தை எழுதத் தோன்றவில்லை.

சாயங்காலம் சீனியரிடம் போய்ச் சொன்னேன். டம்ளரைத் தட்டிக்கொண்டே கேட்டார். "நீ எதுக்கு ஆர்டரைப் படிச்சே? அது ஜூனியர் பண்ற வேலைன்னா?" என்றார். பிறகு, "நம்ம கணக்கு சரிதான் சபாபதி. அதிர்ஷ்டம் இல்லை. விடு" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த 'விடு' இன்றுவரை எனக்கு எரிகிறது. யார் எதை விடுவது? எங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருந்தது. விட வேண்டியது அவள்தான்.

என்மீதும் எனக்குக் கோபம் உண்டு. மானஸ்தன் என்றால் அன்றைக்கே நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். நான் கிழிக்கவில்லை. இன்னும் எட்டு வருஷம் எழுதினேன், வாசித்தேன், பாராட்டு வாங்கினேன். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டு, ஜட்ஜ் மனதைப் படிக்கிற சபாபதி என்று புகழ்ந்தார்கள். நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

தேர்தல் அன்று செல்வமேரி, கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, அட்டையோடு போய் வரிசையில் நின்றிருக்கிறாள். பெயர் இல்லை என்று வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கடை இருக்கட்டும் என்றவர் தோற்றார். தோற்ற வித்தியாசம் அந்த இரண்டு தெரு ஓட்டுக்குள் அடங்கிவிடும். அடுத்த மழைக்குள் சாலையோரக் கடைகளை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. செல்வமேரி கூடையோடு எங்கள் சிந்தாதிரிப்பேட்டைக்கே வந்துவிட்டாள். ஒரு சந்து முனையில் உட்கார்ந்து விற்கிறாள். வாரம் இரண்டு நாள் என்னைப் பார்க்கிறாள். அண்ணே என்று கூப்பிடுவதை அந்தப் படிக்கட்டோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னா ஜட்ஜய்யா, வஞ்சிரம் வோணுமா, சங்கரா வோணுமா?"

சந்தில் இருக்கிறவர்கள் நான் பெரிய உத்தியோகம் பார்த்தவன் என்று நினைத்துக்கொண்டு வழிவிடுகிறார்கள்.

போனை வைத்த மறுநாள் நானே பார்த்தசாரதியைக் கூப்பிட்டேன். "சார், அந்த ஓட்டர் லிஸ்ட் கேஸ் என்னைக்கு வருது?"

"வியாழக்கிழமை. ஆனா இந்த பெஞ்ச் அவ்வளவு சரியா இல்லைன்னு மெஷின் சொல்றது. ஒரு டைம் வாங்கிக்கலாமான்னு..."

"சார்! வாய்தா வாங்கினீங்கன்னா நான் கோர்ட்டுக்கு வந்து ஹால் வாசல்லயே கத்துவேன். பென்ஷன் இல்லாத ஆளு நான், எனக்கு இழக்க ஒண்ணுமில்ல. நோட்டு கிடையாது. மெஷினுக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. வியாழக்கிழமை எவர் உக்காந்திருக்காரோ அவர்கிட்ட எழுந்து நின்னு பேசுங்க. மாட்டேன்னு சொல்றதுன்னா அவர் வாயால சொல்லட்டும்."

"பாக்கறேன் சபாபதி சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். பேசுவாரா, வாய்தா வாங்குவாரா? எனக்குத் தெரியாது. இதை முன்கூட்டிச் சொல்லும் வேலையும் எனக்கு வேண்டாம்.

நேற்று மீன் வாங்கப் போனபோது செல்வமேரியிடம் இதைச் சொன்னேன். சங்கராவைச் செதில் சீவிக்கொண்டே கேட்டாள்.

"யாரு ஜட்ஜாம்?"

"தெரியாது. நான் கேக்கல."

கத்தியை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கும் நீ கேக்காம இருந்திருந்தா, நான் ஓட்டு போட்டிருப்பேன்ல?"

"போட்டிருப்பே" என்றேன்.